ஒரு வாரத்துக்கு ஒரு ஆல்பம்: பழைய பாட்டுக்குள் புதிதாக வருபவர்களுக்கு

கிருஷ்ணகிரியில் வீடு, தருமபுரியில் வேலை. காவேரிப்பட்டணம், காரிமங்கலம் வழியாகப் பேருந்து போய்ச் சேர ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். காலையில் ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம். பெரும்பாலும் இந்த இரண்டு மணி நேரத்தில்தான் நான் பாட்டு கேட்கிறேன்.

போன மாதம் பக்கத்து சீட்டில் வந்த கல்லூரித் தம்பி, என் காதில் தொங்கிய ஒயரைப் பார்த்துவிட்டுப் பேச்சுக் கொடுத்தான். "அண்ணா, பழைய பாட்டு கேக்கணும்னு ஆசையாத்தான் இருக்கு. ஆயிரக்கணக்குல கிடக்குது. எங்க ஆரம்பிக்கறதுன்னே தெரியல." காரிமங்கலம் வரும்வரை அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில் சொன்னது இது: "சூப்பர் ஹிட்ஸ்" பட்டியல்களை மூடி வைத்துவிடு. ஒரு படத்தை எடு. அதில் உள்ள எல்லாப் பாட்டையும் ஒரு வாரம் முழுக்க அதையே கேள். வேறு எதுவும் வேண்டாம். ஹிட்ஸ் பட்டியலில் ஐம்பது பாட்டும் ஐம்பது வருடத்திலிருந்து வரும். ஒன்று முடிந்து காது பழகுவதற்குள் அடுத்தது வேறு இசையமைப்பாளர், வேறு குரல், வேறு ஒலிப்பதிவு என்று தாவிவிடும். பல்லவி மட்டும் மனதில் நிற்கும். ஒரே படத்தின் ஐந்து பாட்டும் ஒரே கதைக்காக, ஒரே காலத்தில், பெரும்பாலும் அதே வாத்தியக்காரர்களோடு உருவானவை. அவற்றைச் சேர்த்துக் கேட்கும்போதுதான் இசையமைப்பாளர் என்ன நினைத்துச் செய்திருக்கிறார் என்பது பிடிபடும்.

முதல் ஆல்பம் எது?

அரை மணி நேரத்துக்குள் முடிவதாக இருக்கட்டும். நான் எல்லோருக்கும் சொல்வது இளையராஜா இசையில் 1980இல் வந்த "ஜானி". ஐந்து பாட்டு. கிருஷ்ணகிரியில் பஸ் கிளம்பியதும் ஆரம்பித்தால், பாதி வழியில் ஒரு சுற்று முடியும். மீதிப் பாதியில் இன்னொரு சுற்று கேட்கலாம்.

புதிதாக வருபவர்களுக்கு இதைத் தருவதற்குக் காரணம் இருக்கிறது. ஐந்து பாட்டுக்கும் ஐந்து பேர் பாடியிருக்கிறார்கள். "என் வானிலே" ஜென்சி, "காற்றில் எந்தன் கீதம்" எஸ். ஜானகி, "ஒரு இனிய மனது" சுஜாதா, "ஆசைய காத்துல" எஸ்.பி. ஷைலஜா, "செனோரீட்டா" எஸ்.பி. பாலசுப்ரமணியம். நான்கு பெண் குரல்களை அடுத்தடுத்துக் கேட்கும்போது வித்தியாசம் தானாகத் தெரியும். ஜென்சியின் குரலில் ஒரு பள்ளிக்கூடத்துப் பெண்ணின் நேர்மை இருக்கிறது; சுரத்தை அலங்கரிக்காமல் அப்படியே வைத்துவிட்டுப் போகிறார். ஜானகி ஒரே சொல்லுக்குள் இரண்டு மூன்று நிறம் காட்டுகிறார். யாரும் பாடம் நடத்தாமலே பாடகர்களை அடையாளம் காணக் கற்றுக்கொண்டுவிடலாம்.

இரண்டாவது வாரம் இதற்கு நேர் எதிராகப் போங்கள். "மௌன ராகம்", 1986, இதுவும் இளையராஜாதான். இதிலும் ஐந்து பாட்டுதான். ஆனால் எஸ்.பி.பி., ஜானகி என்று இரண்டே குரல். ஐந்தையும் எழுதியவர் வாலி. குரல் மாறாததால் காது தானாக வாத்தியங்களின் பக்கம் திரும்பும். இந்த வரிசையில் கேட்டால்தான் இந்த லாபம் கிடைக்கும். மாற்றிக் கேட்க வேண்டாம்.

கேட்பதற்கு முன்னால் செய்ய வேண்டியவை

போனில் ஷஃபிள், ஆட்டோபிளே இரண்டையும் நிறுத்துங்கள். ஈக்குவலைசரில் கீழ்ச் சுருதியை ஏற்றிக் காட்டும் "பேஸ் பூஸ்ட்" இருந்தால் அதையும் அணைத்துவிடுங்கள். அது எல்லாப் பாட்டையும் ஒரே மாதிரி ஆக்கிவிடும்.

அடுத்து, கேட்பது அசல்தானா என்று பாருங்கள். அதே படத்தின் பெயரில் வேறு யாரோ திரும்பப் பாடிய பதிவுகளும், புதிதாகத் தாளம் சேர்த்த பதிவுகளும் நிறைய உண்டு. பாடியவர் பெயரும் ஆண்டும் சரியாக இருந்தால் பெரும்பாலும் அசல்தான்.

விலை உயர்ந்த ஹெட்போன் தேவையில்லை. சாதாரண ஒயர் இயர்போன் போதும். ஆனால் இரண்டு காதிலும் போட வேண்டும், இடது இடதில், வலது வலதில். ஒரு காதை நண்பனுக்குக் கொடுத்தால் பாட்டில் பாதியைக் கொடுத்துவிட்டீர்கள் என்று அர்த்தம். இதைச் சோதித்துப் பார்க்க "பிரியா" படப் பாடல்கள் நல்லவை. 1978இல் வந்தது. தமிழில் ஸ்டீரியோவில் பதிவான முதல் படப் பாடல்கள் என்று அவற்றைத்தான் சொல்வார்கள். இடது இயர்போனை மட்டும் வைத்துக் கேட்டுவிட்டு, அப்புறம் அதை எடுத்துவிட்டு வலதை மட்டும் வைத்துக் கேளுங்கள். இடது பக்கம் இருந்த சில வாத்தியங்கள் வலது பக்கம் இருக்காது. அறுபதுகளின் பாட்டுகளில் இப்படி வராது, இரண்டு காதிலும் ஒன்றேதான் கேட்கும். அதற்காக இயர்போனைச் சந்தேகப்பட வேண்டாம். அந்தப் பதிவே அப்படித்தான்.

பஸ்ஸில் கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தனியார் பஸ்ஸில் அவர்களே சத்தமாகப் பாட்டு போடுவார்கள், இரண்டும் கலந்துவிடும். நான் அரசுப் பேருந்துக்காக நின்று ஏறுவேன். எஞ்சினுக்குப் பக்கத்திலும் வேண்டாம், பின் டயருக்கு மேலும் வேண்டாம், நடுவில் ஜன்னலோரம் உட்காருங்கள். சத்தம் பத்தவில்லை என்று வால்யூமை ஏற்றிக்கொண்டே போகாதீர்கள். காது ஒன்றுதான் நம் சொத்து.

ஏழு நாளை எப்படிப் பிரிப்பது

முதல் நாள் சும்மா கேளுங்கள். போனைப் பையில் போட்டுவிட்டு வெளியே பாருங்கள். இரண்டாம் நாள் குரலை மட்டும் பின்தொடருங்கள். எங்கே மூச்சு எடுக்கிறார்கள், எந்தச் சொல்லை அழுத்துகிறார்கள் என்று பாருங்கள்.

மூன்றாம் நாள் பேஸ் கிட்டார், அதாவது பாட்டுக்கு அடியில் கீழ்ச் சுருதியில் ஒலிக்கும் கிட்டார். இதைப் பற்றிக் கொஞ்சம் நீட்டியே சொல்ல வேண்டும், ஏனென்றால் பழைய இளையராஜா ஆல்பங்களின் பெரிய கதவு இதுதான். பல வருடம் பாட்டு கேட்டும் எனக்கு இது தெரியாமலே இருந்தது. போன் ஸ்பீக்கரில் பேஸ் வராது, அவ்வளவு கீழ்ச் சுருதியை அந்தச் சின்ன ஸ்பீக்கரால் தள்ள முடியாது. பஸ்ஸின் உறுமலும் அதே கீழ்ச் சுருதியில் இருப்பதால் அதை மூடிவிடும்.

ஒரு நாள் சாயங்காலம் காரிமங்கலம் தாண்டி லாரி ஒன்று குறுக்கே நின்றுவிட்டது. டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டார். என் காதில் "மௌன ராக"த்தின் "மன்றம் வந்த தென்றலுக்கு" ஓடிக்கொண்டிருந்தது. எஞ்சின் நின்ற அந்த நொடியில் பாட்டுக்கு அடியில் இன்னொரு பாட்டு கேட்டது. எஸ்.பி.பி. ஒரு சொல்லை இழுத்து நிறுத்தும் இடத்தில் பேஸ் நடக்க ஆரம்பிக்கிறது. அவர் நடக்கும்போது அது நின்று பார்க்கிறது. குரலுக்குத் துணையாக வரும் வெறும் தாளம் என்று அதைச் சொல்ல முடியாது, அதற்கென்று ஒரு தனி மெட்டே இருந்தது. நூறு முறை கேட்ட பாட்டு. லாரி நகரும்வரை திரும்பத் திரும்ப அந்தச் சரணத்தையே வைத்துக் கேட்டேன். இளையராஜாவின் எத்தனையோ பாட்டுகளில் பேஸ் வாசித்தவர் சசிதரன் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

ஆகவே மூன்றாம் நாளை மட்டும் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். இரவு பத்து மணிக்கு மேல், ஃபேன் சத்தம்கூட இல்லாமல். முதல் தடவை பிடிபடவில்லை என்றால் பல்லவியின் முதல் வரியை மட்டும் ஐந்து முறை கேளுங்கள். டும் டும் என்று அடியில் நகர்வதைப் பிடித்துக்கொண்டு, குரலைக் கவனிக்காமல் அதோடேயே போங்கள். ஒரு முறை பிடிபட்டால் பிறகு எந்தப் பாட்டிலும் விட்டுப் போகாது.

நான்காம் நாள் இடையிசை. பல்லவிக்கும் முதல் சரணத்துக்கும் நடுவில் வருவது ஒன்று, முதல் சரணத்துக்கும் இரண்டாவதற்கும் நடுவில் வருவது இன்னொன்று. இளையராஜாவுக்கு முந்தைய காலத்துப் பாடல்கள் பலவற்றில் ஒரே இடையிசை இரண்டு முறை வரும். இளையராஜா அநேகமாக இரண்டையும் வேறு வேறாக எழுதுவார். முதலாவதில் புல்லாங்குழல் என்றால் இரண்டாவதில் வயலின் கூட்டம் வரும். நாளின் முடிவில் இரண்டாவது இடையிசையைப் பாட்டைப் போடாமல் முணுமுணுக்க முடிகிறதா என்று பாருங்கள். பாட்டை முழுக்கத் தெரிந்து பாடுகிறவர்கள்கூட இதில் தடுமாறுவார்கள்.

ஐந்தாம் நாள் வரிகள். எழுதியவர் யார் என்று பார்த்துவிட்டுக் கேளுங்கள். ஆறாம் நாள் பாட்டே கேட்க வேண்டாம். ஏழாம் நாள் திரும்ப முதலிலிருந்து. அந்த ஏழாம் நாளுக்காகத்தான் இவ்வளவும்.

ஒரு நோட்டு வைத்துக்கொள்வது நல்லது. பெரிதாக ஒன்றும் எழுத வேண்டாம். படம், ஆண்டு, பிடித்த ஒரே ஒரு இடம். "ஒரு இனிய மனது, இரண்டாவது சரணத்துக்கு முன்னால்" என்கிற அளவு போதும். நான் பழைய பால் கணக்கு நோட்டில் எழுதுகிறேன்.

மாமாவின் கேசட்டுகள்

பாலக்கோட்டில் இருக்கும் என் தாய்மாமா இரண்டு அட்டைப்பெட்டி நிறையக் கேசட் கொடுத்தார். அவற்றை ஓட வைக்கப் பட்ட பாட்டில் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு பெட்டி இருக்கக்கூடும்.

அந்தக் காலத்துப் படக் கேசட்டில் பெரும்பாலும் ஏ பக்கம் ஒரு படம், பி பக்கம் இன்னொரு படம். அதனால்தான் மாமாவுக்கு ஒரு படத்தின் கடைசிப் பாட்டு முடிந்ததும் சம்பந்தமில்லாத இன்னொரு படத்தின் பாட்டு தானாக வாயில் வருகிறது. கடைகளில் பதிந்து வாங்கியவையும் உண்டு. பாட்டுகளைத் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தால் எம்ப்டி கேசட்டில் பதிந்து தருவார்கள். மாமாவின் கையெழுத்தில் நீல மையில் பன்னிரண்டு பாட்டுப் பெயர்கள், கடைசிப் பெயருக்குப் பக்கத்தில் "பாதி" என்று அடைப்புக்குறிக்குள் எழுதியிருக்கிறது. நாடா தீர்ந்து அந்தப் பாட்டு முதல் சரணத்திலேயே நின்றுவிடும்.

கேசட்டை பிளேயரில் போடும் முன் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நாடாச் சுருளின் ஓரத்தில் வெள்ளையாகப் படிந்திருந்தால் அது பூஞ்சை. அதை அப்படியே ஓட்டினால் பிளேயருக்கும் அடுத்த கேசட்டுக்கும் பரவும், ஓட்டாதீர்கள். முன்பக்கத்தில் நாடாவுக்குப் பின்னால் ஒரு சின்னப் பஞ்சுத் துண்டு இருக்க வேண்டும். அது விழுந்திருந்தால் சத்தம் மங்கலாக வரும். நாடா தொளதொளவென்று இருந்தால் பென்சிலைப் பல்சக்கரத்தில் விட்டுச் சுற்றி இறுக்குங்கள். பிறகு ஒரு முறை முழுக்க முன்னால் ஓட்டி, முழுக்கப் பின்னால் சுற்றிவிட்டு அப்புறம் கேளுங்கள். பல வருடம் சும்மா கிடந்த நாடா ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும், இப்படிச் செய்தால் பிரியும். 60 நிமிடக் கேசட்டுகள் தாங்கும். 90இல் நாடா மெலிது. 120 நிமிடம் என்று போட்டிருந்தால் இன்னும் மெலிது, பிளேயர் இழுத்துச் சுருட்டிவிடும். கவனமாக இருங்கள்.

பிளேயரில் நாடா உரசிப் போகும் ஹெட்டைச் சுத்தம் செய்யாமல் எந்தக் கேசட்டையும் குறை சொல்லக் கூடாது. மொபைல் ரிப்பேர் கடைகளில் "ஐபிஏ" என்று கேட்டால் ஐசோபுரோபைல் ஆல்கஹால் கிடைக்கும். காது குடையும் பஞ்சுக் குச்சியில் நனைத்து, பளபளவென்று இருக்கும் ஹெட்டையும், பக்கத்தில் சுழலும் மெல்லிய கம்பியையும் துடையுங்கள். பஞ்சில் காப்பித்தூள் நிறத்தில் அழுக்கு வரும். அழுக்கு வருவது நிற்கும்வரை குச்சியை மாற்றி மாற்றித் துடையுங்கள். ரப்பர் உருளைக்கு ஈரத்துணி போதும்.

பிளேயருக்குள் இருக்கும் ரப்பர் பெல்ட் தளர்ந்துபோயிருப்பது சகஜம். நான் கொடுத்த கடையில் பெல்ட் மாற்றும்போது மோட்டார் வேகத்தையும் திருகிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து போட்டால் ஜானகியம்மா குரல் சின்னப் பிள்ளை குரல் மாதிரி வந்தது. திரும்ப எடுத்துப் போனால் "கேசட் பழசு, அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஒரு வாரம் அந்த வருத்தத்திலேயே இருந்தேன். கேசட் நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓட வேண்டும். அதை அளக்க வேண்டியதில்லை, அதே பாட்டைப் போனிலும் போட்டு இரண்டையும் ஒரே நேரத்தில் ஓட விட்டால் போதும். எது முந்துகிறது என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். பல மோட்டார்களின் பின்னால் ஒரு சின்ன ஓட்டை இருக்கும். அதற்குள் இருக்கும் திருகை நுனி மெல்லிய திருப்புளியால் மயிரிழை மயிரிழையாகத் திருப்பிச் சரி செய்யலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் முழுக்க உட்கார்ந்து நானே சரி செய்தேன்.

கேசட்டை வண்டியில் வைத்துவிட்டு எங்கும் போகாதீர்கள். நம்மூர்ச் சித்திரை வெயிலில் ஒரு மணி நேரம் போதும், கேசட்டின் பிளாஸ்டிக் ஓடு நெளிந்துவிடும். எனக்கு இரண்டு அப்படிப் போயின.

படம் இல்லாத ஆல்பங்கள்

நான்காவது வாரத்துக்கு மேல் இங்கே வாருங்கள், அதற்கு முன் வேண்டாம். இளையராஜாவின் "ஹவ் டு நேம் இட்" 1986இல் வந்தது. தியாகராஜருக்கும் ஜெர்மன் இசைமேதை பாக்குக்கும் காணிக்கையாக்கியது. வயலின் வி.எஸ். நரசிம்மன். பாட்டே கிடையாது, பத்துத் துண்டுகள். "ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்" என்பதிலிருந்து ஆரம்பியுங்கள். பாக்கின் வயலின் இசை ஓட, அதோடு நம்முடையது சேர்ந்து பேசுகிறது. பேஸைப் பிடிக்கப் பழகிய காதுக்கு இரண்டு மெட்டு ஒரே நேரத்தில் போவது புதிதாக இருக்காது. அதனால்தான் காத்திருக்கச் சொன்னேன். அடுத்து 1988இன் "நத்திங் பட் விண்ட்", ஹரிபிரசாத் சௌராஸியாவின் புல்லாங்குழல். 2005இன் "திருவாசகம்" புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழுவோடு பதிவானது. மாணிக்கவாசகரின் வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள். "பொல்லா வினையேன்" மட்டுமே இருபது நிமிடத்துக்குப் பக்கம் போகும். பஸ்ஸில் வேண்டாம், அதிகாலையில் வீட்டில்.

நம் மாவட்டத்துக்காரர்களுக்கு மட்டும் கிடைக்கும் ஒன்று

ஓசூர், தேன்கனிக்கோட்டை, கிருஷ்ணகிரிப் பக்கம் எந்தத் தெருவிலும் கன்னடமும் தெலுங்கும் பேசும் வீடுகள் இருக்கும். இதை விட்டுவிடாதீர்கள். "நூறாவது நாள்" படத்தின் "விழியிலே மணி விழியில்" பாட்டை ஒரு நாள் வாசலில் போட்டிருந்தேன். எதிர்வீட்டு அக்கா கோலப்பொடி டப்பாவோடு அப்படியே நின்றுவிட்டார். "தம்பி, இது எங்க ஷங்கர் நாக் பாட்டாச்சே!" என்றார். சொல்லிவிட்டு "ஜொதெயலி" என்று கன்னடத்தில் ஆரம்பித்துவிட்டார். கன்னட நடிகர் ஷங்கர் நாக் நடித்து 1981இல் வந்த "கீதா" என்ற கன்னடப் படத்தின் மெட்டு அது. தமிழில் 1984இல் வந்தது. இரண்டிலும் எஸ்.பி.பி.யும் ஜானகியும்தான். இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். மெட்டு ஒன்றாக இருந்தாலும், வாத்தியம் சேர்த்த விதம் எங்கெங்கே மாறியிருக்கிறது என்று நோட்டில் எழுதினாலே ஒரு வாரம் ஓடிவிடும்.

இப்போது என் காதில்

நான் இப்போது என்ன கேட்கிறேன் என்றும் அந்தக் கல்லூரித் தம்பி கேட்டான். ஒரு மாதமாக "இருவர்", 1997, ஏ.ஆர். ரகுமான். கதையின் காலம் நகர நகரப் பாட்டும் உடை மாற்றுகிறது. "ஆயிரத்தில் நான் ஒருவன்" பழைய எம்.ஜி.ஆர். படப் பாட்டு மாதிரியே நிமிர்ந்து நடக்கிறது. "ஹலோ மிஸ்டர் எதிர்க்கட்சி" முழு ஜாஸ். உன்னிகிருஷ்ணனும் பாம்பே ஜெயஶ்ரீயும் பாடிய "நறுமுகையே" கர்நாடக இசை. அந்த ஜாஸ் பாட்டில் பேஸை மட்டும் கேட்டுக்கொண்டே தென்பெண்ணையைத் தாண்டுகிறேன்.

புதியதில் "மெய்யழகன்", 2024, கோவிந்த் வசந்தா. "யாரோ இவன் யாரோ" பாட்டில் கமல்ஹாசன் குரல் எவ்வளவு அடங்கி வருகிறதோ, அவ்வளவு கனமாக இருக்கிறது. அதற்கு முன் சந்தோஷ் நாராயணனின் "குக்கூ", 2014. புதிய ஆல்பங்களுக்கும் அதே ஏழு நாள் கணக்குதான்.

தம்பி "ஜானி"யில் ஐந்தாவது நாளில் இருக்கிறான். நேற்று ஏறியதும் நோட்டைக் காட்டினான். ஒரு வரிதான் எழுதியிருந்தான்: "என் வானிலே, பியானோ." அடுத்த வாரத்துக்கு "மௌன ராகம்" சொல்லியிருக்கிறேன். இரவில் கேட்க மாமாவின் கேசட்டைத் துடைத்து, இரண்டு பக்கமும் ஒரு முறை ஓட்டிப் பார்த்துத் தயாராக வைத்திருக்கிறேன்.